21 கிலோ குறைஞ்சது காணாதா?

கேள்வி:

"எனக்கு வயது 34, இரண்டு பிள்ளைகள். விசுவமடுப் பக்கம் இருக்கிறம். நாலு மாதத்துக்கு முன்னம் கொழும்பில இரைப்பையைச் சின்னனாக்கிற ஸ்லீவ் ஒப்பரேசன் செய்தது. அப்ப என்ர நிறை 112 கிலோ, உயரம் 158 சென்ரிமீற்றர். இப்ப 91 கிலோ. மூண்டு கிழமையா ஒரு கிராமும் இறங்குதில்லை. கனடாவில இருக்கிற மச்சாள் 160 கிலோவில இருந்தவ, பைபாஸ் செய்து ஒரு வருசத்தில 50 கிலோ குறைஞ்சவ. எனக்குக் காசு அனுப்பினது என்ர மனுசன்ர அண்ணா. ஒவ்வொரு ஞாயிறும் வீடியோ கோலில வந்து 'இப்ப எத்தினை கிலோ' எண்டு கேக்கிறார். ஆவணியில தங்கச்சிக்குக் கலியாணம், இன்னும் அஞ்சு மாதம்தான் கிடக்கு. அதுக்குள்ள 60க்கு வரவேணும் எண்டு நினைச்சன். அதால சாப்பாட்டை நல்லாக் குறைச்சுப் போட்டன். காலமை பால்தேத்தண்ணியும் பிஸ்கட்டும், மத்தியானம் கஞ்சி, இரவில ஒண்டும் இல்லை. தலைமயிர் கொத்துக் கொத்தாக் கொட்டுது. 'பட்டினி கிடந்தது காணாதே' எண்டு மாமி அழுறா. என்ர ஒப்பரேசன் பிழைச்சுப் போச்சா டொக்டர்? சீனிக் குளிசை நாலில இருந்து ஒண்டாக் குறைச்சிருக்கினம், அது மட்டும்தான் நல்ல விசயம்."

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

ஒப்பரேசன் பிழைக்கவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பதில் உங்கள் கைக்கு வருமுன் இன்னும் எத்தனை நேரச் சாப்பாட்டை விட்டுவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது.

கணக்குக்கு வருவோம். 112 கிலோவில் 21 கிலோ போனது என்றால், தொடங்கிய நிறையில் ஏறக்குறைய 19 வீதம். ஸ்லீவ் செய்து நாலு மாதமான ஒருவரிடம் நாங்கள் எதிர்பார்ப்பது அந்தளவுதான். இனி மச்சாளின் கணக்கையும் போடுங்கள். 160இல் 50 போனால் 31 வீதம். அதற்கு அவவுக்கு ஒரு முழு வருடம் பிடித்தது, செய்ததும் வேறு ஒப்பரேசன், இரைப்பையைச் சின்னனாக்கிக் குடலில் ஒரு பகுதியைத் தாண்டி இணைக்கிற பைபாஸ். அதே 31 வீதம் உங்கள் உடம்பில் இறங்கினால் 35 கிலோவுக்குக் கிட்டத்தான் வரும், 50 வராது. 50 கிலோ குறைந்த உங்கள் மச்சாள் 110 கிலோவில் நின்றிருப்பா. நீங்கள் ஒப்பரேசன் மேசையில் ஏறும்போது இருந்த நிறை கிட்டத்தட்ட அதுதான். இதை ஞாயிற்றுக்கிழமைக் கோலில் ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பெருத்த உடம்பில் இருந்து கூடக் கிலோ இறங்கும், அவ்வளவு பெருக்காத உடம்பில் இருந்து குறையத்தான் இறங்கும். அதனால் ஒருவரின் கிலோவை இன்னொருவரின் கிலோவோடு வைத்துப் பார்க்க முடியாது. வீதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

21 கிலோ என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. கிணறு வற்றிய காலத்தில் சைக்கிள் கரியரில் கட்டி உருட்டிக்கொண்டு வருகிற 20 லீற்றர்த் தண்ணிக் கலனை நினைத்துப் பாருங்கள். அதை இடுப்பில் கட்டிக்கொண்டு நாள் முழுக்க அடுப்படியிலும் முற்றத்திலும் நடந்தீர்கள், படுக்கும்போதும் கழற்றவில்லை. இப்போது கழற்றி வைத்துவிட்டீர்கள். முழங்கால் அதை உணர்ந்திருக்கும். உங்கள் கடிதத்தில் முழங்காலைப் பற்றி ஒரு வரியும் இல்லாததே எனக்கு நல்ல செய்தியாகப் பட்டது.

இனி அந்த 60.

அது உங்கள் தலைக்குள் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். கிளினிக் சுவரில் தொங்குகிற உயரம்–நிறை அட்டவணையில் இருந்து வந்திருக்கும். 158 சென்ரிமீற்றர் உயரத்துக்கு 60 கிலோ என்றால் உடற்திணிவுச் சுட்டி, அதாவது உயரத்துக்கு நிறை எவ்வளவு என்று காட்டுகிற எண் (பிஎம்ஐ), 24. உங்கள் பழைய சுட்டி 45, இப்போது 36. 60க்கு வருவதென்றால் 52 கிலோ, அதாவது தொடங்கிய நிறையில் 46 வீதம் போகவேண்டும். ஸ்லீவ் சாதாரணமாக அதைத் தராது. மச்சாளுக்குச் செய்த பைபாஸும் தராது. மிகச் சிலருக்கு நடக்கலாம். அவர்களின் படத்தைத்தான் போனில் ஆளுக்காள் அனுப்பிக்கொண்டிருப்பார்கள்.

இதில் என் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில், வன்னியில் ஒரு கிளினிக்கில், 100 கிலோவைத் தாண்டிய ஒரு அம்மாவின் கிளினிக் கொப்பியில் "இலக்கு 55" என்று சிவப்புப் பேனையால் எழுதி வட்டமும் போட்டுக் கொடுத்தேன். அட்டவணை அப்படித்தான் சொன்னது. அவ மூன்று மாதத்தில் 6 கிலோ குறைத்துக்கொண்டு வந்தா. நான் கொப்பியைத் திறந்து, வட்டத்தைப் பார்த்து, "இன்னும் கன தூரம் இருக்கு" என்றேன். அதற்குப் பிறகு அவ கிளினிக் பக்கமே வரவில்லை. இரண்டு வருடம் கழித்துக் காலில் ஆறாத புண்ணோடு வார்ட்டில் கண்டேன். அன்றைக்குப் பிறகு எந்தக் கொப்பியிலும் நான் வட்டம் போடுவதில்லை.

உங்களுக்கு நியாயமாக எதை எதிர்பார்க்கலாம்? ஸ்லீவ் செய்தவர்களின் நிறை பொதுவாக 12 முதல் 18 மாதம் வரை இறங்கும். அந்தக் காலத்தில் தொடங்கிய நிறையில் 25 வீதம் அளவு போகும். சிலருக்கு 30 வரை போகும், சிலர் 20உடன் நின்றுவிடுவார்கள். உங்கள் உடம்பில் 25 வீதம் என்றால் 84 கிலோ, 30 என்றால் 78. ஆவணியில் ஒப்பரேசன் செய்து ஒன்பது மாதம் ஆகியிருக்கும். அன்றைக்கு 82க்கும் 87க்கும் இடையில் எங்காவது நின்றால் உங்கள் உடம்பு தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றிப் பலர் வாயே திறப்பதில்லை. கொஞ்சம் திரும்ப ஏறும். சுவீடனில் 1987இல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வு, ஒப்பரேசன் செய்தவர்களைப் பல வருடம் பின்தொடர்ந்தது. பைபாஸ் செய்தவர்கள் முதல் ஓரிரு வருடத்தில் 32 வீதம் குறைந்தார்கள். பத்தாவது வருடத்தில் பார்த்தால் 25 வீதத்தில் நின்றார்கள். அப்படித் திரும்ப ஏறியும், ஒப்பரேசன் செய்யாத ஆட்களை விட ஒப்பரேசன் செய்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. பின்லாந்தில் ஸ்லீவையும் பைபாஸையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஐந்து வருட முடிவில், மேலதிகமாக இருந்த நிறையில் ஸ்லீவ் செய்தவர்கள் 49 வீதத்தையும் பைபாஸ் செய்தவர்கள் 57 வீதத்தையும் இழந்திருந்தார்கள். "மேலதிக நிறை" என்றால் சுட்டி 25க்கு மேலே இருக்கிற கிலோ. உங்களுக்கு அது ஏறக்குறைய 50. அதில் பாதி 25 கிலோ. அந்தச் சராசரியின்படி ஐந்தாம் வருடத்தில் நீங்கள் 88 கிலோவுக்குக் கிட்ட நிற்பீர்கள்.

வாசிக்க மனம் சோரும், தெரியும். ஆனால் இதை இன்றைக்கே தெரிந்து வைத்திருப்பவர், மூன்றாம் வருடம் 4 கிலோ ஏறும்போது "எல்லாம் போச்சு" என்று கையை விடமாட்டார். கிளினிக்குக்கு வந்து என்ன செய்யலாம் என்று கேட்பார்.

உடம்பு ஏன் இப்படிப் பிடித்து இழுக்கிறது? இந்த ஒப்பரேசனில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது வாழைப்பழம் போல ஒரு ஒடுங்கிய குழாய். வெட்டி எடுத்த பகுதியில்தான் கிரெலின் என்ற பசி ஓர்மோன் பெருமளவு சுரக்கிறது. 1999இல்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். அது குறைவதால் முதல் மாதங்களில் பசியே தெரியாது. வயிறு சின்னனாகிப் போனது ஒரு பாதி என்றால், இந்தப் பசி அடங்குவது மறு பாதி. ஆனால் உங்கள் உடம்புக்கு ஒப்பரேசன் என்று தெரியாது. நிறை வேகமாக இறங்குவதை அது பஞ்சம் என்று எடுத்துக்கொள்கிறது. எரிக்கிற சக்தியைக் குறைத்து, உள்ளதைச் சேமிக்கப் பார்க்கிறது. பஞ்சத்தைத் தாண்டி வந்த பரம்பரைகளின் உடம்பு வேறென்ன செய்யும்.

மூன்று கிழமையாக அசையாமல் நிற்கிறது என்றீர்களே, அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முதலில் மளமளவென்று இறங்கியதில் ஒரு நல்ல பங்கு தண்ணீர். ஈரலிலும் தசையிலும் சேர்த்து வைத்திருக்கிற மாச்சத்து ஒவ்வொரு கிராமும் தன்னோடு 3 கிராம் அளவு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு குறைந்ததும் அது கரைந்து, தண்ணீரும் வெளியே போகும். பிறகு உடம்பு கொஞ்சத் தண்ணீரைத் திரும்பப் பிடிக்கும்போது, உள்ளே கொழுப்பு குறைந்துகொண்டிருந்தாலும் தராசு முள் நின்ற இடத்தில் நிற்கும். முதல் ஆறு மாதத்தில் இப்படி ஒன்றிரண்டு நிறுத்தம் வராத ஆளை நான் காணவில்லை. தினமும் தராசில் ஏறுகிறீர்களோ? வைகாசி வற்றாப்பளைப் பொங்கல் வரை தராசில் ஏறுவது மாதம் ஒரு தரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் தையல் நாடாவால் இடுப்பை அளந்து கலண்டரில் எழுதுங்கள். முள் நிற்கிற கிழமைகளில் நாடா இறங்கும்.

இப்போது சாப்பாடு. உண்மையில் எனக்குக் கவலை 91 கிலோ அல்ல, இதுதான்.

பால்தேத்தண்ணியில் நனைத்த பிஸ்கட் வாய்க்குள்ளேயே கரைந்து, அந்த ஒடுங்கிய குழாய்க்குள்ளால் வழுக்கிக்கொண்டு போய்விடும். வயிறு நிறைந்தது போலவே இருக்காது. ஒரு துண்டு மீன் சாப்பிட்டு நிறைகிற வயிறு எட்டு பிஸ்கட்டை அடையாளமே இல்லாமல் விழுங்கும். கஞ்சியும் அப்படித்தான். நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருக்கிறேன் என்று நினைக்கிறீர்கள். உள்ளே போவது சீனியும் மாவும். போகாதது புரதம். உங்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேணும். நீங்கள் எழுதிய சாப்பாட்டைக் கூட்டிப் பார்த்தேன், 15 கிராம் வந்தாலே பெரிய விசயம். புரதம் போகாவிட்டால் உடம்பு தன் தசையைத் தின்னும். தசை போனால் சும்மா இருக்கும்போது எரிகிற சக்தியும் போகும், நிறை இன்னும் பிடிவாதமாக நிற்கும். முள்ளை இறக்க நினைத்துச் சாப்பாட்டை நிறுத்தினீர்கள், முள் நிற்பதற்கு அதுவும் கைகொடுக்கிறது.

60 கிராமுக்குக் கனடாவில் இருந்து டின் பவுடர் வரத் தேவையில்லை. ஒரு முட்டையில் 6 கிராம். உள்ளங்கை அளவு, எலும்பு முள் இல்லாமல் 100 கிராம் மீனில் 20 கிராம், அது குளத்து விராலாக இருந்தாலும் முல்லைத்தீவுக் கடல் மீனாக இருந்தாலும் சரி. ஒரு கோப்பைத் தயிரில் 7, 8. சின்னக் கோப்பை அவித்த பருப்பிலோ கடலையிலோ கௌப்பியிலோ 7, 8. கோழி இறைச்சி 50 கிராமில் 13. காலமை இரண்டு முட்டை, பத்து மணிக்குத் தயிர், மத்தியானம் மீனும் பருப்பும், பின்னேரம் அவித்த கடலை கொஞ்சம், இரவு கோழித் துண்டு. 60 வந்துவிடும். கச்சானிலும் புரதம் உண்டுதான், ஆனால் எண்ணெயும் அவ்வளவு இருக்கிறது. கை நிறைய அள்ளினால் கதை மாறிவிடும். உங்கள் பக்கத்தில் கச்சான் விளைகிற காலத்தில் வீட்டுக்குள் மூட்டையோடு கிடக்கும் என்பதால் சொல்கிறேன்.

தட்டில் முதல் கை மீனுக்கும் முட்டைக்கும், பிறகு மரக்கறி, கடைசியில் இடம் இருந்தால் இரண்டு கரண்டி சோறு அல்லது அரைத் துண்டு குரக்கன் புட்டு. சின்னப் பீரிசில் போட்டு, இருபது நிமிடம் எடுத்து, நன்றாக மென்று சாப்பிட வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, அரை மணித்தியாலம் விடுங்கள். மற்ற நேரத்தில் சின்னச் சின்ன மிடறாக ஒன்றரை லீற்றராவது உள்ளே போகவேணும். பங்குனி, சித்திரை வெயிலில் அதுவும் காணாது. சோடா வேண்டாம். சீனி போட்ட பால்தேத்தண்ணியை நாளுக்கு ஒன்றாக்கி, அதையும் சீனியில்லாமல் பழகுங்கள். பெரிய தியாகம்தான், நானும் தேத்தண்ணிக்காரி.

ஒரு எச்சரிக்கை. வவுனியாப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ அப்படி இருந்தால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியேற்றினினை இரத்தத்தில் பார்த்த பிறகுதான் புரதத்தைக் கூட்ட வேண்டும்.

மாமியின் அழுகைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்தது அதுதான். "பட்டினி கிடந்தது காணாதே" என்று அவ சொன்னது போர் முடிந்த 2009ஐ என்று நினைக்கிறேன். விசுவமடுச் சனத்துக்கு அந்த வருடம் எப்படிப் போனது என்று நான் விளக்கத் தேவையில்லை. கஞ்சிக்கு வரிசையில் நின்று பிள்ளைகளை உயிரோடு கொண்டுவந்த ஒரு மனுசியின் வீட்டில், மருமகள் விரும்பிப் பட்டினி கிடந்து மத்தியானம் கஞ்சி குடிக்கிறா. அவவின் கண்ணால் ஒருக்கால் பாருங்கள். அவ பிடிவாதம் பிடிக்கவில்லை, பயந்துபோய் இருக்கிறா.

போதாததற்கு ஊரும் இருக்கிறது. வன்னியில் ஒருவர் மெலிந்தால் "நல்லா இருக்கிறாய்" என்று சொல்கிறவர் குறைவு. "என்ன பிள்ளை, சீனி வருத்தமோ, வீட்டில ஏதும் பிரச்சினையோ" என்றுதான் வாய் வரும். உடம்பு வைத்தால்தான் குடும்பம் நிமிர்ந்தது என்று கணக்கு வைத்த சனம் நாங்கள். மாமியும் அந்தக் கேள்விகளுக்குச் சந்தியிலும் கோயிலிலும் பதில் சொல்லிக் களைத்திருப்பா.

ஆகவே அவவோடு வாக்குவாதப்படாதீர்கள், அவவிடம் வேலையைக் கொடுங்கள். "மாமி, டொக்டர் கஞ்சியை நிப்பாட்டச் சொல்லிப்போட்டா. நாளுக்கு இரண்டு முட்டையும் மீனும் கட்டாயமாம், நீங்கள்தான் பார்த்துத் தரவேணும்" என்று சொல்லிப் பாருங்கள். இதில் பொய் ஒன்றும் இல்லை, நான்தான் சொல்கிறேன். தன் கையால் சமைத்த மீன் உங்கள் வாய்க்குள் போவதைக் கண்டால் அவவுக்குப் பாதிப் பயம் போய்விடும். அடுத்த கிளினிக்குக்கு அவவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அண்ணாவின் ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி வேறு சங்கதி. காசு தந்தவருக்குக் கேட்க உரிமை உண்டு என்று நினைக்கிறார், நீங்களும் கடன்பட்டவர் போலப் பதில் சொல்கிறீர்கள். அவர் கெட்டவர் இல்லை. அனுப்பின காசு என்ன செய்தது என்று அறிய அவருக்கு வேறு வழி தெரியாது. அந்த வழியை நீங்களே காட்டுங்கள். அடுத்த ஞாயிறு கிலோவைச் சொல்லாமல், "அண்ணா, நாலு குளிசை போட்ட இடத்தில இப்ப ஒண்டுதான்" என்று சொல்லுங்கள். கடிதத்தின் கடைசி வரியில், போகிற போக்கில் எழுதிவிட்டுப் போனீர்களே, அந்த வரிக்காகத்தான் இந்த ஒப்பரேசனைச் செய்கிறோம். 34 வயதில் நாலு குளிசை என்றால் 45இல் ஊசி, 50இல் கண்ணும் சிறுநீரகமும் கால்விரலும் என்று போகிற பாதையை நான் தினம் பார்க்கிறேன். அந்தப் பாதையில் இருந்து உங்களை இறக்கிவிட்டிருக்கிறது. அவரது காசுக்கு இதைவிடப் பெரிய கணக்கு என்ன காட்டுவது.

ஆனால் மிச்சமுள்ள ஒரு குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அதே நேரம், சாப்பாடு குறைந்த உடம்பில் சில சீனிக் குளிசைகள் சீனியை அளவுக்கு மிஞ்சி இறக்கிவிடும். வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டினால் உடனே கிளினிக்கில் சொல்லுங்கள். நிறை திரும்ப ஏறினால் சீனியும் சில வருடம் கழித்துத் திரும்ப வரக்கூடும். ஆகவே குளிசை முழுக்க நின்றாலும் மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டுகிற எச்பிஏ1சி பரிசோதனையும் கண் பரிசோதனையும் நிற்கக் கூடாது.

தலைமயிர் கொட்டுவது மூன்றாம் மாதத்தில் இருந்து ஆறாம் மாதம் வரை அநேகமானவர்களுக்கு வரும். வேகமாக நிறை குறைந்தால் மயிர்க்கால்கள் ஒரேயடியாக ஓய்வுக்குப் போய்விடும். வேர் சாவதில்லை, திரும்ப முளைக்கும். ஆனால் புரதமும் இரும்பும் இல்லாமல் இருந்தால் கொட்டுவது நீளும். எண்ணெய் வாங்கிக் காசை விடாமல் முட்டை வாங்குங்கள்.

விற்றமின் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை, அது என்னை உறுத்துகிறது. பலர் முதல் போத்தல் முடிந்ததும் விட்டுவிடுகிறார்கள். பல்விற்றமின், பி12, இரும்பு, கல்சியம், விற்றமின் டி ஆகியவை சீவிய காலத்துக்கு. இரும்பையும் கல்சியத்தையும் ஒன்றாகப் போடாமல் இரண்டு மணித்தியாலம் விடுங்கள். இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் பாதி வீண். கொழும்பில் தந்த டயக்னோசிஸ் கார்ட்டைப் போட்டோக் கொப்பி எடுத்து, கிளிநொச்சி வைத்தியசாலையிலோ முல்லைத்தீவு மாஞ்சோலை வைத்தியசாலையிலோ உங்களுக்குக் கிட்டவுள்ள மருத்துவ கிளினிக்கில் கொடுத்து வையுங்கள். ஹீமோகுளோபின், பெரிற்றின் (உடம்பில் சேர்ந்திருக்கிற இரும்பு), பி12, விற்றமின் டி, ஈரல், சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் ஆறாம் மாதம் இரத்தம் பார்க்கவேணும். ஒவ்வொன்றுக்கும் இரவு பஸ் ஏறிக் கொழும்புக்கு ஓடவேண்டியதில்லை.

ஆனால் சிலதுக்கு ஓடவேணும், அதுவும் உடனே. சத்தி நாட்கணக்கில் நிற்காமல் எடுத்து, கூடவே கால் விறைப்பது, நடை தள்ளாடுவது, பார்வை இரண்டாகத் தெரிவது போல வந்தால் அது விற்றமின் பி1 குறைபாடாக இருக்கலாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போய், ஒப்பரேசன் செய்தவர் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். வலது விலாவுக்குக் கீழே சாப்பாட்டுக்குப் பிறகு பிடித்துப் பிடித்து வலித்தால் பித்தக்கல்லாக இருக்கலாம். வேகமாக மெலிகிறவர்களுக்கு அது வருவது வழமை.

இன்னொன்று, சுருக்கமாக. நிறை குறையும்போது மாதவிடாய் ஒழுங்காகி, கரு தங்கும் வாய்ப்பும் கூடும். ஒப்பரேசன் செய்து குறைந்தது 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பம் வேண்டாம். உங்கள் ஏரியா மிட்வைஃபிடம் இப்போதே கதைத்து வையுங்கள்.

நடை பற்றி எல்லோரும் சொல்வார்கள், அதனால் நான் குறைவாகச் சொல்கிறேன். பின்னேரம் ஐந்து மணிக்கு வாய்க்கால் கரையால் அரை மணித்தியாலம், தனியப் போகக் கூச்சமாக இருந்தால் பிள்ளைகளில் ஒருவரைச் சைக்கிளில் விட்டுப் பின்னால் நடவுங்கள். அதைவிட முக்கியம், கதிரையில் கை ஊன்றாமல் பத்துத் தரம் இருந்து எழும்புங்கள், காலமையும் பின்னேரமும். தசையைப் பிடித்து வைத்திருப்பது அதுதான்.

தோல் தொங்குவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஆவணிக்குள் கேட்பீர்கள். கையிலும் வயிற்றிலும் தோல் தளரும், உடற்பயிற்சியால் அது முழுதும் சுருங்காது. கலியாணச் சாறியின் பிளவுஸை இப்போதே தைக்கக் கொடுக்காதீர்கள். கடைசி இரண்டு கிழமைக்குள் அளவு எடுத்து, கையை முழங்கை வரை வைத்து, உள்ளுக்கு ஒரு அங்குலம் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். 85 கிலோவில் அந்தச் சாறி உங்களுக்கு வடிவாகவே இருக்கும். பந்தியில் வடையும் பருப்பும் முதலில், பாயாசம் இரண்டு கரண்டி, அவ்வளவும் போதும். கஞ்சியை இன்றைக்கே நிறுத்துங்கள்.